கும்பம்: அலைச்சல்

அத்தை வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அன்று காலை தாள் கிழித்தவன் நான்தான். ஆகவே முன்கூட்டி யாரும் சொல்லவில்லை என்று புலம்ப எனக்கு வழியில்லை. புரட்டாசி மாதம், வியாழக்கிழமை. எமகண்டம் 6.00 – 7.30. ராகுகாலம் 1.30 – 3.00. அடியில் பொடி எழுத்தில் பன்னிரண்டு ராசிக்கும் தலைக்கு ஒரு சொல். மீனத்துக்கு ஆதாயம், அது அத்தை. கன்னிக்குப் பொறுமை, அது என் மனைவி. கும்பத்துக்கு அலைச்சல்.

நான் கும்பம்.

இந்த ஒற்றைச் சொல் பலன்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதைவிட உறுதியான ஒன்று என் சட்டைப்பையில் இருந்தது. நானே கணினியில் கட்டம் போட்டு, ஊருக்கு ஒரு நிறம் தீட்டி, அச்செடுத்து நான்காக மடித்து வைத்திருந்த பயண அட்டவணை. மகனுக்குக் காலாண்டு விடுமுறை. சென்னையிலிருந்து மதுரைக்கு மாமியார் வீட்டுக்கு வந்த இடத்தில், கடைசி நாளன்று ஒரே ஓட்டமாக விருதுநகர், சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் நான்கையும் பார்த்து, தின்று, வாங்கி, ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவது என்று திட்டம். வாடகைக் கார். திருமங்கலத்துத் தம்பி ஒருவர் டிரைவர். அட்டவணையின் முதல் கட்டம் ஆரஞ்சு நிறம்: காலை 7.30, விருதுநகர், எண்ணெய் பரோட்டா.

ஆறு மணிக்கே கார் வந்து நின்றது. அத்தை திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை.

“எமகண்டத்துல எங்கிட்டு மாப்ள கெளம்புறது? ஏழரை தாண்டட்டும்.”

மாமியாரிடம் வாதாடி ஜெயித்த மருமகனை நான் இதுவரை பார்த்ததில்லை. வாசலில் நின்ற காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். பயணம் தொடங்கிவிட்டது என்று என்னையே ஏமாற்றிக்கொள்ள அது உதவியது. தெருவில் போனவர்கள் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மதுரையிலிருந்து விருதுநகர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வழி நெடுக எண்ணெய் பரோட்டா பற்றி நான் வகுப்பெடுத்தேன். உள்ளங்கை அகலத்துக்குச் சின்னப் பரோட்டா. மற்ற ஊர்போலக் கல்லில் போட்டு எண்ணெய் தடவி எடுப்பதில்லை. எண்ணெயிலேயே போட்டுப் பொரிப்பார்கள். இலையில் விழும்போது அப்பளம் மாதிரி சத்தம் கேட்கும். அதை நொறுக்கிப் போட்டு, சால்னாவை ஊற்றி, அரை நிமிஷம் ஊறவிட வேண்டும். அரை நிமிஷம்தான், ஒரு நிமிஷம் விட்டால் களியாகிவிடும். இதையெல்லாம் நான் எங்கோ படித்ததுதான், தின்றதில்லை. டிரைவர் தம்பி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தபடியே வந்தார். இரண்டு முறை ஏதோ சொல்ல வாயெடுத்து விழுங்கினார். பேச்சில் சொக்கிப் போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

எட்டே முக்காலுக்கு, குறித்து வைத்திருந்த கடை முன் இறங்கினோம். ஷட்டர் இறங்கிக் கிடந்தது. பக்கத்துக் கடையும் அப்படியே. வாசல் தெளித்துக்கொண்டிருந்த அம்மாளிடம் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டேன்.

“எந்தக் கடை?”

“பரோட்டாக் கடைங்கம்மா.”

“காலங்காத்தால பரோட்டாவா?” வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை முழுதாக ஒருமுறை பார்த்தார். “சாயங்காலந்தான் அடுப்புப் பத்த வைப்பாக. இட்லி வேணும்னா அந்த முக்குக் கடைக்குப் போங்க.”

“சொல்லலாம்னுதான் சார் நெனச்சேன்” என்றார் டிரைவர். “நீங்க அவ்வளவு ஆசையாப் பேசிட்டு வந்தீங்க. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.”

அத்தை காரை விட்டு இறங்கவே இல்லை. “அதுவும் போக, இது பெருமாள் மாசம் மாப்ள. நானும் இவளும் கவிச்சி தொட மாட்டோமே.”

மனைவியைப் பார்த்தேன். “உங்க கட்டத்தைப் பார்த்தப்பவே புரட்டாசின்னு சொல்ல வந்தேன். எல்லாம் பேசி முடிவாயிருச்சுன்னு சொன்னீங்க” என்றாள். யாரோடு பேசி முடிவெடுத்தேன் என்று யோசித்தேன். நினைவில் வந்த ஒரே ஆள் நான்தான். புரட்டாசி என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த தாளின் முன்னால் அன்று காலை நின்றவனும் நான்தான். பலன் பார்க்கும் அவசரத்தில் மாதத்தைப் பார்க்கவில்லை.

இட்லி நன்றாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இரண்டோடு எழுந்துவிட்டேன்.

அடுத்தது சுலோச்சன நாடார் தெருவில் காமராஜர் இல்லம். அட்டவணையில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். 1954 முதல் 1963 வரை முதலமைச்சர், பிறகு அகில இந்திய காங்கிரஸ் தலைவர், இரண்டு பிரதமர்களை உருவாக்கியவர் என்று பேசப்படும் மனிதர். அவருடைய வீடு என்றால் வாசலில் தோட்டம், கூடத்தில் ஊஞ்சல், மாடியில் அலுவலக அறை என்று மனதுக்குள் நானே கட்டிவைத்திருந்தேன். தெருவும் சின்னது, வீடும் சின்னது. சுவர் நிறையப் படங்கள். அவர் புழங்கிய கொஞ்சம் பொருட்கள். நின்று நிதானமாகப் பார்த்தும் இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஒன்றரை மணி நேரத்துக்கு அந்த வீட்டில் பார்க்க எதுவும் இருக்கக் கூடாது என்பதில்தான் அவர் ஆயுள் முழுக்கக் கவனமாக இருந்தார் என்பது எனக்கு வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அங்கேயும் ஒரு சறுக்கல். இந்த ஊரில் காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலா, வீடுதோறும் சமைக்கும் முன்னால் எடுத்துவைத்த பிடி அரிசியைத் திரட்டி நடத்திய பள்ளி. மதிய உணவு போட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைத்தவர் அந்தப் பள்ளியின் பிள்ளை. இதை மகனுக்கு உருக்கமாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசி வாக்கியத்தில் மனைவி பக்கம் திரும்பி, “பசிக்குது, பையில பிஸ்கட் இருக்கா?” என்று கேட்டேன். இரண்டு இட்லியோடு எழுந்த வீராப்பின் விலை அது. காமராஜர் படம் ஒன்று நேர் எதிரே இருந்தது. மகன் அந்தப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

கவனத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. “இவ்வளவு பெரிய மனுஷரையே இந்த ஊர் ஒரு தடவை தோக்கடிச்சிருச்சு தெரியுமா? பத்தாயிரம் ஓட்டு வித்தியாசம்” என்றேன்.

“ஆயிரத்து இருநூத்தி எண்பத்தஞ்சு” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை, எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும் பெரியவர். அவரும் பார்க்க வந்தவர்தான். “அறுபத்தேழுல. சீனிவாசன்னு காலேஜ்ல படிச்ச பையன். 1,285 ஓட்டு. எனக்கு அப்ப பத்தொம்பது வயசு தம்பி. இருபத்தொண்ணு ஆனாத்தான அப்பல்லாம் ஓட்டு?” கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தபடி நின்றார். “எனக்கு ஓட்டு இல்ல” என்றார் மறுபடியும், யாரோ தன்மேல் குற்றம் சாட்டியதுபோல. பிறகு வெளியே போய் நெடுநேரம் செருப்புத் தேடினார்.

என்னுடைய தோல்விகளை இப்படி ஒற்றை இலக்கம் வரை யாரும் நினைவு வைத்திருக்கப் போவதில்லை. அது ஆறுதலா வருத்தமா என்று சாத்தூர் வரை யோசித்தேன்.

சாத்தூர் தெற்கே 25 கிலோமீட்டர் வாக்கில். அங்கே போனது சேவுக்காக என்று குடும்பம் நம்பியது. உண்மையில் நான் போனது நிப்புக்காக. மைப் பேனாவுக்கான நிப்புகளைக் குடிசைத் தொழிலாக அடித்து நாடு முழுக்க அனுப்பிய ஊர் அது; பந்துமுனைப் பேனா வந்து அந்தத் தொழிலைத் தின்றுவிட்டது. எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்பவன் சாத்தூர் நிப்பு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டாமா? (எழுதுவது கைபேசியில், கட்டைவிரலால். அது வேறு விஷயம்.) யாரிடம் கேட்பது என்று தெரியாமல் சேவு வாங்கிய கடையிலேயே கேட்டுவைத்தேன்.

“அண்ணாச்சி, நிப்பு எங்க கெடைக்கும்?”

இருபது வயதுப் பையன். அண்ணாச்சி என்று கூப்பிட்டதிலேயே கலங்கிப் போயிருந்தான். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்: “மாமா, நிப்பு கேக்காரு. காரமா இனிப்பா?”

ஒரு கிலோ காரச்சேவோடு திரும்பினேன். பூண்டும் மிளகாயும் மணக்கும் அந்தச் சேவைச் சென்னை அலுவலக நண்பர்களுக்கு என்று தனியாகக் கட்டச் சொல்லியிருந்தேன். ஊர் எல்லை தாண்டுவதற்குள் கட்டைப் பிரித்து ‘ருசி மட்டும்’ பார்த்தேன். சாலையோரம் மிளகாய்ப்பொடி தடவி விற்ற வெள்ளரிக்காயும் இடையில் சேர்ந்துகொண்டது. சிவகாசி வரும்போது அலுவலக நண்பர்கள் ஐந்து பேர் என்பதை மூன்று பேராகக் குறைத்திருந்தேன்.

சிவகாசியில் நிற்கவில்லை. அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம் பின்தங்கியிருந்தோம். கோயிலை முடித்துவிட்டுத் திரும்பும்போது பட்டாசு வாங்கலாம் என்று அறிவித்தேன். கரிசல் காடு, வேலிக்கருவை, வெயில், தூரத்தில் விலகி விலகி நிற்கும் சின்னச் சின்ன அறைகள். இந்த மழையில்லாத மண்ணிலிருந்து 1922-இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய், தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பி, அடுத்த வருஷமே தொழிலைத் தொடங்கினார்கள். விவசாயத்துக்குச் சாபமாக இருந்த காய்ச்சல் வெயில் தீக்குச்சி உலர்த்த வரமாகிவிட்டது. தீப்பெட்டி பட்டாசைக் கொண்டுவந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டிய லேபிள் அச்சகங்களைக் கொண்டுவந்தது. அச்சகங்கள் காலண்டரைக் கொண்டுவந்தன. அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை இந்த ஊர் ஆடிப்பெருக்கன்றே வெளியிட்டுவிடுகிறது. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு நல்ல நேரம் கெட்ட நேரம் அச்சடித்துத் தருவது இந்தத் தெருக்கள்தான். அலைச்சல் என்ற அந்தச் சொல்லும் இங்கே எங்கோ ஒரு மெஷினில்தான் ஓடியிருக்க வேண்டும்.

அந்த இரண்டு பேர் ஒரு பயணம் போய் ஊருக்கே சோறு கொண்டுவந்தார்கள். நான் போகும் பயணங்களிலிருந்து பில் மட்டும்தான் வருகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தபோது மணி 12.40. நடை சாத்தியிருந்தது.

கோயில் மதியம் நடை சாத்தும், சாயங்காலம்தான் திறக்கும் என்பது தமிழ்நாட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் என் அட்டவணையில் பச்சை நிறக் கட்டத்தில் ‘12.30 ஆண்டாள் தரிசனம்’ என்று என் கையாலேயே தட்டச்சு செய்திருந்தேன். இதற்கு விளக்கம் எதுவும் என்னிடம் இல்லை. அத்தை எதுவும் சொல்லவில்லை. சாத்திய கதவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மகனுக்கு ஆண்டாள் கையிலிருக்கும் கிளியைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். தினமும் இலைகளை வைத்துப் புதிதாகக் கட்டும் கிளி அது, மாதுளம்பூதான் மூக்கு. “அப்ப இன்னைக்குக் கிளி நாளைக்கு இருக்காதா?” என்றான். இருக்காது என்றேன். “அப்ப இன்னைக்குக் கிளியை இனிமே எப்பவுமே பார்க்க முடியாது” என்று முடிவு சொன்னான். பத்து வயதில் அவ்வளவு துல்லியம் வேண்டியதில்லை.

கோபுரமாவது மிச்சம். வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலை ராஜகோபுரம், 192 அடி. தமிழக அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று மகனுக்குச் சொன்னேன்.

“அது எங்க மீனாச்சி கோயில் மேலக் கோபுரம்” என்றார் அத்தை, அதுவரை காத்த மௌனத்தைக் கலைத்து. “வரைஞ்ச கிருஷ்ணாராவே மதுரைக்காரருதான மாப்ள?”

இந்த வழக்கு என் திருமணத்தைவிடப் பழையது. அரசு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், அத்தை மதுரை பக்கம். நான் அரசாங்க ஊழியன் அல்ல. அத்தை பக்கம் சாய்ந்தேன். கோபுரத்தோடு என்னைப் படம் எடுக்க முயன்றதில் என் தலையும் மூன்று நிலைகளும்தான் அடங்கின. முழுக் கோபுரம் வேண்டுமானால் ரேஷன் கார்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள் மனைவி.

பால்கோவா விஷயத்தில் மட்டும் நான் தோற்கவில்லை என்று சொல்ல ஆசை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் கிடையாது. அடுப்பு முன் நின்று கைவிடாமல் கிண்டுபவரின் தோள்தான் மூன்றாவது பொருள். எந்தக் கடையில் நல்லது என்று யாரையும் கேட்காமல், கடைக்குக் கடை ஏறி விரல் நுனியளவு ருசி பார்த்து நானே தீர்ப்புச் சொல்வதாகக் கிளம்பினேன். நான்காவது கடையில் நாக்கு வேலையை நிறுத்திக்கொண்டது. எல்லாம் ஒன்றுபோல இனித்தன. முதல் கடையா மூன்றாவது கடையா என்று குழம்பி, கடைசியில் கார் நிறுத்த வசதியாக இருந்த கடையில் இரண்டு கிலோ வாங்கினேன். புரட்டாசிக்கு இது தடையில்லை என்பதால் அத்தையும் மனைவியும் காரிலேயே ஒரு டப்பாவைத் திறந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு யாருக்கும் பசி இல்லை. இருந்தாலும் சாப்பிட்டோம். கட்டம் அப்படிச் சொன்னது.

மறுபடி சிவகாசிக்கு வந்தபோது மணி இரண்டே கால். பட்டாசுக் கடை வாசலில் கார் நிற்கிறது, அத்தை இறங்க மறுக்கிறார். “வெடிச் சாமானை ராகுகாலத்துலயா மாப்ள வாங்குறது?” கடைக்காரர்கூட உள்ளேயிருந்து தலையாட்டினார், வியாபாரம் போனாலும் அந்த நியாயம் அவருக்குப் புரிந்தது.

முக்கால் மணி நேரத்தைக் கொல்ல வேண்டும். ஊருக்கு வெளியே வேப்ப மரத்தடி டீக்கடையில் நிறுத்தினோம். அந்த நாளில் நான் செய்தவற்றில் சிரிக்க முடியாதது இங்கே நடந்தது.

பெஞ்சின் மறுகோடியில் இரண்டு பெண்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். ஒருத்தியின் விரல்கள் வெள்ளியாக மினுங்கின. நகக்கண், மணிக்கட்டு மடிப்பு, கண்ணாடி டம்ளரைப் பிடித்திருந்த இடம் எல்லாம் வெள்ளி. பட்டாசுக்கு வெளிச்சம் தரும் அலுமினியப் பொடி. நான் மணி பார்ப்பதுபோலக் கைபேசியை உயர்த்தினேன். படம் எடுத்தேன். அவள் தலையைத் திருப்பவில்லை. டம்ளரை மற்றக் கைக்கு மாற்றி, அந்தக் கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

சும்மா இருந்திருக்கலாம். சமாளிக்க நினைத்தேன்.

“தப்பா நெனைக்காதீங்கம்மா. வெளியூரு. பட்டாசு செய்யிற எடத்தை உள்ள போய்ப் பார்க்க விடுவாங்களா?”

“என்னத்தைப் பாக்கப் போறீக?”

“எப்படிச் செய்றாங்கன்னு...”

“கையாலதான்” என்றாள்.

இன்னொருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்கள். படத்தைத் திறந்து பார்த்தேன். பாதி டம்ளர், பாதி தலைப்பு. அழித்தேன்.

“உள்ளல்லாம் விடமாட்டாங்க சார்” என்றார் டிரைவர் தம்பி, டீயை ஆற்றியபடி. “ஒவ்வொரு ரூம் வாசல்லயும் இத்தனை ஆளு, இவ்வளவு மருந்துன்னு எழுதியே போட்டிருப்பாங்க. அதுக்கு மேல ஆகாது.” கொஞ்சம் நிறுத்தி, “எங்கயாச்சும் பொகை தெரிஞ்சா இங்க வேடிக்கை பாக்கப் போகக் கூடாது சார்” என்றார். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. எனக்கு நினைவிருந்தது. சிவகாசிக்குப் பக்கத்தில் அன்று செத்துப்போன முப்பதுக்கும் மேற்பட்டவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் இல்லை. புகையைக் கண்டு காப்பாற்ற ஓடியவர்கள், என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனவர்கள். அன்று சாயங்காலம் சென்னையில் டிவி முன்னால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அதையும் நான் வேடிக்கைதான் பார்த்தேன்.

மூன்று மணி ஒரு நிமிஷத்துக்குக் கடைக்குள் நுழைந்தோம். 

எடுத்த எடுப்பில் ஐயாயிரம் வாலா சரவெடி கேட்டேன். சின்ன வயசு ஆசை. கடைக்காரர் விலைப்பட்டியலை மடித்துக் கீழே வைத்தார்.

“சரவெடிக்கு 2018-லயே சுப்ரீம் கோர்ட் தடை போட்டிருச்சே சார். பேப்பர் படிக்கிறதில்லையா?”

பேப்பரில் எழுதுகிறவன் என்று சொல்ல வாய் வந்தது. மனைவி காலை மிதித்தாள். அடுத்து, பச்சையாக எரியும் மத்தாப்பு எது என்றேன். பசுமைப் பட்டாசு எல்லாமே பச்சைதானே என்ற என் ஊகத்தையும் கூடவே வெளியிட்டேன். பச்சை நிறம் கொடுப்பது பேரியம் உப்பு, அதையும் சேர்த்துத்தான் கோர்ட் தடை செய்தது, ஆகவே பசுமைப் பட்டாசில் பேரியம் கிடையாது என்று அவர் பள்ளிக்கூட வாத்தியார்போல விளக்கினார். மகன் கைகட்டிக் கேட்டான்.

பிறகு பேரம். பட்டியலில் போட்ட விலையைக் கூட்டினால் 23,450 ரூபாய். 80 சதவீதம் தள்ளுபடி போக 4,690. என் வாழ்க்கையில் யாரும் எனக்கு 80 சதவீதம் குறைத்ததில்லை. அதையும் தாண்டிக் கால் மணி நேரம் வாதாடி, ஒரு பெட்டி பாம்பு மாத்திரையைக் கொசுறாக வாங்கினேன். சென்னையிலிருக்கும் நண்பனுக்குப் போன் போட்டு, “பதினெட்டாயிரத்துச் சொச்சம் மிச்சம் பண்ணிட்டேன்” என்றேன். நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, கடைக்காரர் அடுத்து வந்தவரிடம் அதே பட்டியலை நீட்டி அதே 80 சதவீதத்தைச் சொன்னார். அவருக்கும் பாம்பு மாத்திரை கிடைத்தது. அவர் கேட்கவே இல்லை.

லட்சுமி வெடி, குருவி வெடி, தரைச்சக்கரம், புஸ்வாணம், சாட்டை, கம்பி மத்தாப்பு. இரண்டு அட்டைப் பெட்டி. டிக்கியில் ஒன்று, அத்தை காலடியில் ஒன்று. கார் திருத்தங்கல் தாண்டி விருதுநகர்ச் சாலையில் போய்க்கொண்டிருந்தது. முதல்முறையாக அட்டவணையும் நானும் ஒரே நேரத்தில் இருந்தோம். 

“ராத்திரி பாண்டியன்லதான சார் போறீங்க?” என்றார் டிரைவர்.

“ஆமா தம்பி.”

“ரயில்ல வெடி ஏத்த விடமாட்டாங்களே சார்.”

காருக்குள் சேவு கடிக்கும் சத்தம் நின்றது. தீபாவளி சமயத்தில் ஸ்டேஷனில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்கிறார்கள், சுவரொட்டி ஒட்டுகிறார்கள், ஜெயில் வரை போகும் குற்றம் என்று வருஷா வருஷம் செய்தி வருகிறது. டிக்கெட் பதிவு செய்தவன் நான், பட்டாசு வாங்கியவன் நான். இரண்டு ‘நான்’களும் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை. துணிக்கு நடுவில் வைத்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். “அப்பா ஜெயிலுக்குப் போனா நான் பாட்டி வீட்டுலயே இருக்கலாமா?” என்று மகன் ஆவலோடு கேட்டான். அந்த யோசனையை அங்கேயே விட்டேன்.

“எங்க வீட்டுலயே இருக்கட்டும் மாப்ள” என்றார் அத்தை, காலால் பெட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டே. “தெருப் பிள்ளைக போடும்.”

மீனத்துக்கு ஆதாயம்.

ஆறேகாலுக்கு விருதுநகரில் அதே கடை. ஷட்டர் ஏறியிருந்தது. வாசலில் கல், கல் நிறைய எண்ணெய், எண்ணெயில் வரிசையாகச் சின்னச் சின்னப் பரோட்டாக்கள் பொன்னிறமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்தன. காலையில் நான் சொன்னதெல்லாம் எழுத்துக்கு எழுத்து உண்மை. அத்தையும் மனைவியும் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்கள். டிரைவர் தம்பி, “நானும் புரட்டாசி சார்” என்று ஒதுங்கிக்கொண்டார். மகனுக்கு மட்டும் விலக்கு. நானும் அவனும் உட்கார்ந்தோம். இலை விழுந்தது. பரிமாறுபவர் வந்தார்.

“எத்தனை சார்?”

என் வயிற்றில் அப்போது ஒரு கிலோ சேவில் முக்கால், வெள்ளரி, நான்கு கடைப் பால்கோவா, கட்டத்துக்காகச் சாப்பிட்ட மதியச் சாப்பாடு, டீ இரண்டு.

“ஒண்ணு.”

“ஒரு செட்டா?”

“ஒண்ணு. ஒத்தைக்கு ஒண்ணு.”

அவர் கல்லடி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். பக்கத்து இலையில் பத்தாவதை நொறுக்கிக்கொண்டிருந்தவரும் திரும்பிப் பார்த்தார். “உடம்புக்கு முடியலையா சார்?” என்று பரிமாறுபவர் தணிந்த குரலில் கேட்டார். அந்தக் குரலில் இருந்த பரிவைத் தாங்க முடியவில்லை. ஆமாம் என்றேன். 

அந்த ஒன்றையும் நொறுக்கிப் போட்டு, சால்னா ஊற்றி, அரை நிமிஷம் எண்ணத் தொடங்கினேன். அதற்குள் மனைவியிடமிருந்து போன்; ரயிலுக்கு நேரமாகிறது. பேசிவிட்டுத் திரும்பும்போது களியாகியிருந்தது. மகன் நான்கு தின்றான். ஐந்தாவது கேட்டான்.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் தீவுத்திடல் கடைகளில் மறுபடியும் பட்டாசு வாங்கினேன். பெட்டிகளின் அடியில் எல்லாம் சிவகாசி என்று அச்சாகியிருந்தது. இங்கே தள்ளுபடி பற்றிப் பேசுவது எனக்கே பிடிக்கவில்லை. கேட்ட விலையைக் கொடுத்தேன்.

தீபாவளியன்று சாயங்காலம், வெடிப்பதற்கு அனுமதித்த ஏழிலிருந்து எட்டு மணிக்குள், சென்னையில் மழை பிடித்துக்கொண்டது. பால்கனியில் நின்றுகொண்டிருந்தோம். ஏழரைக்கு அத்தையிடமிருந்து போன். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் பிள்ளைகளின் கூச்சல், லட்சுமி வெடி, மறுபடி கூச்சல்.

“கேக்குதா மாப்ள? எல்லாம் உங்க வெடிதான். ஒண்ணுகூட நமுக்கல.”

“கேக்குது அத்தை.”

“இப்ப சக்கரம் விடுறாக. பாருங்க.”

பார்க்க எதுவும் இல்லை. போனை நடுவில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் குனிந்து நின்றோம். உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. அது மதுரையில் சக்கரமா, இங்கே மழையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“நல்லா சுத்துதுப்பா” என்றான் மகன்.